வலது கல் எங்களுக்கு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. "இவ கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, காலையிலிருந்து மாலை வரை மைக்ராஸ்கோப் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்து செத்த மீனுக்கு வயது பார்ப்பது. ஆண்டவருக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர். துறையில் நான் ஒருத்திதான் பெண். பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள ஒரே சம்பந்தம் காந்தி மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீன்தான். "கடலே இல்லாத ஊர்ல கடல் மீன் ஆராய்ச்சியா? மீனுக்கு ஜாதகம் பாக்கற வேலையாமே?" என்று கோயில் வாசலில் கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது.

விஷயம் இதுதான். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கடலுக்கடியில் மேடு மாதிரி ஓர் இடம் இருக்கிறது. விளமீன், கலவா மாதிரி தரையை ஒட்டி மேய்கிற மீன்கள் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். நம் கரையிலிருந்தும் படகு போகும், இலங்கைக் கரையிலிருந்தும் போகும். யார் அதிகம் வாரினார்கள் என்று சண்டை போடுவதற்கு முன்னால், இருக்கிற மீனின் வயது என்ன, எந்த வேகத்தில் வளர்கிறது என்று இரு நாட்டுக்காரர்களும் சேர்ந்து பார்க்கலாம் என்று கொழும்பில் ஓர் ஆய்வுக்கூடமும் எங்கள் துறையும் பேசி முடிவு செய்தார்கள். எங்கள் துறைத் தலைவர் அதற்கு முன் காவிரிக் கெண்டையின் செதிலில் வளையம் எண்ணிப் பெயர் வாங்கியவர். அதனால்தான் வேலை எங்கள் ஊருக்கு வந்தது.

மீனின் தலைக்குள் காதுப் பக்கம் இரண்டு சின்னக் கற்கள் இருக்கும், அரிசிக் குருணையை விடக் கொஞ்சம் பெரியவை. வருஷத்தில் ஒரு பருவத்தில், ஆனி ஆடிக் காற்றில் கடல் கொந்தளித்து இரை குறையும்போது, அந்தக் கல்லில் ஒரு கருங்கோடு விழும். பிறகு இரை பெருகி வெளுப்பாக வளரும். அடுத்த வருஷம் இன்னொரு கோடு. மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் மாதிரிதான். கல்லைச் சாணைக்கல்லில் பதமாகத் தேய்த்து, ஒரு சொட்டு கிளிசரின் விட்டு, லென்ஸுக்குக் கீழே வைத்து எண்ண வேண்டும்.

ஒவ்வொரு மீனுக்கும் இரண்டு கல் இருப்பதால் ஏற்பாடு எளிதாக இருந்தது. இடது கல் கொழும்பிலேயே தங்கும், வலது கல் எங்களுக்கு வரும். ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியாமல் எண்ணி, பிறகு ஒப்பிட வேண்டும். கற்களைப் பஞ்சில் வைத்து, பிஸ்கட் டின்னில் அடுக்கி, தலைமன்னாரில் கப்பலேற்றி அனுப்புவார்கள். இலங்கையிலிருந்து கல் வருகிறது என்றால் சுங்கத்துக்காரன் சும்மா விடுவானா? ரத்தினம் என்று நினைத்து ஒவ்வொரு டின்னையும் கொட்டிப் பார்த்துவிட்டு, மீன் வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவான். அதற்கப்புறம் போட் மெயிலில் ஏறித் திருச்சி ஜங்ஷன் வந்து சேரும்.

போட் மெயில் எனக்கு ஒரு வியாதி. சென்னையிலிருந்து எங்கள் ஊர் வழியாகத் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே பயணிகளைக் கப்பலில் ஏற்றிவிடுகிற வண்டி. டின் வாங்கப் போகிற சாக்கில் ஜங்ஷனுக்குப் போய் அந்தப் பெட்டிகளில் எழுதியிருந்த ஊர்ப் பெயரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்பாவுக்கு ரயில்வே பாஸ் உண்டு. "பாஸ் தனுஷ்கோடி வரைக்கும்தாம்மா. அதுக்கு மேல கடலுக்கு ரயில்வே பொறுப்பில்ல" என்பார். நான் அந்த வண்டியில் கடைசி வரை போனதே இல்லை. பின்னால் வந்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. இனிமேல் போகவும் முடியாது.

கொழும்பில் இடது கல்லை எண்ணியவளும் ஒரு பெண்தான். யாழ்ப்பாணத்துக்காரி. கற்கள் சுற்றிய தாளில், பிடித்த இடமும் மாதமும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பாள். ஒருமுறை ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் தமிழில், 'இது வடிவான கல், உடைக்காமல் தேய்க்கவும்' என்று எழுதியிருந்தாள். உடைக்காமல் தேய்த்தேன். பதிலுக்கு நானும், காலி டின்னோடு திருப்பி அனுப்புகிற ரசீதின் ஓரத்தில், 'உடையவில்லை. உங்கள் ஊரில் மழையா?' என்று எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு டின்னிலும் ஓரத்தில் நாலு வார்த்தை வரும். முகம் பார்த்திராத ஒருத்தி எழுதிய நாலு வார்த்தைக்காக ஜங்ஷன் வரை வேகாத வெயிலில் நடந்தேன் என்றால் நம்புவீர்களா? எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த ஊரைப் பார்க்க வேண்டும், அந்தக் கடலைத் தாண்ட வேண்டும். வேறெதையும் நான் அந்த வயதில் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வேலையோ வம்பாகிப் போனது. எங்கள் எண்ணிக்கையும் அவர்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. எப்போதுமே ஒத்துப்போகாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. ஆவணி வாக்கில் பிடித்த மீன் என்றால் இரண்டு பேர் கணக்கும் ஒன்றாக வரும். மாசி, பங்குனியில் பிடித்தது என்றால் நாங்கள் ஒரு வயது கூட்டிச் சொல்வோம். ஐப்பசி மழையில் இரண்டாவதாக ஒரு மெல்லிய கோடு விழுகிறது, அது கொழும்புக்காரர்கள் கண்ணில் படவில்லை என்றார் எங்கள் தலைவர். திருச்சியில் கல்லை அதிகமாகத் தேய்த்துவிடுகிறார்கள் என்றார்கள் அவர்கள். தேய்ப்பது நான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய கடை வீதிக்குப் போய், தட்டான் கடைகளுக்கு விற்கிற மெருகுப் பொடியில் இருப்பதிலேயே மிருதுவானதை வாங்கி வந்து அதில் தேய்த்தேன். அப்போதும் அதே வித்தியாசம்தான்.

இது வெறும் ஒரு வயதுச் சண்டை இல்லை. மீன்கள் முதிர்ந்த வயது வரை பிழைத்துக் கிடக்கின்றன என்றால், வலை போடுவதால் கடலுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று அர்த்தம். இளசுகள்தான் வலையில் விழுகின்றன என்றால், முட்டையிடுவதற்கு முன்பே அள்ளிக்கொண்டிருக்கிறோம், முட்டையிடும் மாதங்களிலாவது படகை நிறுத்துங்கள் என்று இரண்டு அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டும். எங்கள் எண்ணிக்கையை வைத்தால் ஒரு முடிவு, அவர்கள் எண்ணிக்கையை வைத்தால் வேறு முடிவு.

கடைசியில் கொழும்பில் ஒரு கூட்டம் வைப்பதென்று ஏற்பாடாயிற்று. இடது கல்லையும் வலது கல்லையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்துத் தீர்த்துக்கொள்வது. தலைவர்தான் போக வேண்டும். ஆனால் அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் தீர்த்தம் வாங்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். மீன் கல்லை இடுக்கியால்தான் தொடுவார். சாயங்காலம் காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுப் படியேறுவார். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சமுத்திரம் தாண்டறதெல்லாம் எனக்கு வேண்டாம். நம்ம பெருமாளே தெற்கே இலங்கையைப் பார்த்துண்டுதான் சயனிச்சிருக்கார். பார்த்துண்டிருக்கார், போகலை. எனக்கும் அது போறும். கல்லைத் தேய்ச்சவ நீ. நீயே போயிட்டு வா."

பெருமாளுக்கு அன்று மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நம்பினேன்.

ஈஸ்டர் கழித்துப் பயணம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம். விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரர், "எதுக்கும்மா சிலோன் போறீங்க?" என்று கேட்டார். மீனுக்கு வயசு பார்க்க என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'உறவினரைப் பார்க்க' என்று எழுதிக்கொண்டு போனார். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் பழுப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கினேன். அதில் துணியை அடுக்குவதும் எடுப்பதுமாக வீட்டில் இருந்தேன். "இன்னும் நாள் கெடக்கு, இப்பவே பொட்டிய கட்டுறியே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொழும்புக்காரி ஓரத்தில், 'வாருங்கோ. கடற்கரைக்குப் போவம்' என்று எழுதியிருந்தாள்.

இதற்கு நடுவில் தலைவருக்கு அறுபது வந்தது. வீட்டில் சாந்தி செய்கிறார்கள் என்று துறையில் எல்லோரையும் அழைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, கல்லூரி ஆபீஸ் குமாஸ்தாவும் அவர் மனைவியும் நானுமாக பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதியில் வீடு. உள்ளே ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. எங்களுக்கு முன்கூடத்தில் தனிப் பந்தி. அக்காரவடிசல் நன்றாக இருந்ததால் தனிப் பந்தியை நான் பெரிதுபடுத்தவில்லை.

இலைக்கு முன்னால் உட்கார்ந்து குமாஸ்தா முணுமுணுத்தார். "நம்ம ரிக்கார்டுல சாருக்கு ஐம்பத்தொன்பதுதாங்க. ரிட்டையர் ஆக முழுசா ஒரு வருஷம் இருக்கு. இவங்க இப்பவே அறுபதுங்கறாங்களே."

பரிமாறிக்கொண்டிருந்த தலைவரின் மைத்துனர் அதைக் கேட்டுவிட்டார். "ஐம்பத்தொன்பது முடிஞ்சுடுத்து ஓய். அறுபது நடக்கறது. நடக்கற வருஷத்தைச் சொல்றதுதான் எங்காத்து வழக்கம். பொறந்த நாள் முடிஞ்ச மறுநாளே அடுத்த வயசு ஆரம்பிச்சுடறதோல்லியோ?"

எனக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது.

முதல் வாரம் எனக்குக் கல் எண்ணக் காட்டிக்கொடுத்தபோது தலைவர் சொன்னது காதில் கேட்டது. "கடைசிக் கோட்டுக்கு வெளியில, ஓரத்துல வெளுப்பு தெரியறதா? அதையும் ஒண்ணா எண்ணிக்கோ. வளர்ந்துண்டிருக்கற வருஷத்தை எப்படி விடறது?" சொன்னபடி எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் வயது என்றால் முடிந்த வயதுதான். ஞானஸ்நானத் தேதியைப் பார்த்துக் கழித்துச் சொல்வோம். இருந்தும் அது மீன் விஷயத்தில் எனக்கு உறைக்கவில்லை. ஆடிக் கோடு விழுந்த உடனே பிடித்த மீனுக்கு ஓரத்தில் வெளுப்பு இருக்காது. அதனால் ஆவணி மீன் ஒத்துப்போகும். மாசிக்குள் வெளுப்பு நன்றாக வளர்ந்துவிடும். அதை நாங்கள் ஒரு வயதாக எண்ணுவோம், கொழும்பில் எண்ண மாட்டார்கள். இரண்டாம் கோடும் இல்லை, தேய்த்த குற்றமும் இல்லை. விளமீனுக்கு நாங்கள் நடப்பு வயது சொல்லிக்கொண்டிருந்தோம்.

சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. குமாஸ்தா தம்பதியை பஸ் ஏற்றிவிட்டுக் காவிரிப் பாலத்தின் மேல் நடந்தே திரும்பினேன். பங்குனிக் காவிரி மணலாகக் கிடந்தது. நடக்க நடக்க மனது அலைந்தது. கூட்டமே இந்த வித்தியாசத்தைத் தீர்க்கத்தான். வித்தியாசம் தீர்ந்துவிட்டால் கூட்டம் எதற்கு? சொன்னால் பயணம் போச்சு. மறைத்தால் கப்பலேறலாம். என் புத்திக்கு இந்த இரண்டு வழிதான் தெரிந்தது. மீனுக்கென்ன, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்காதா என்று ஒரு மனது. பொய்யை மூட்டை கட்டிக்கொண்டு அவள் முகத்தில் விழிப்பதா என்று இன்னொரு மனது. பாலத்தின் பாதியில் நின்று, திரும்பி ஸ்ரீரங்கத்துக்கே நடந்து, மறுபடியும் திரும்பினேன். இளநீர் விற்றவர் என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் துறைக்குப் போனேன். மாசி மாதத்துக் கற்களை எடுத்து ஓரத்தை விட்டுவிட்டு எண்ணினேன். கொழும்பு எண்ணிக்கை அப்படியே வந்தது. இன்னொரு டின்னை எடுத்தேன். அதுவும் வந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டியவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவர் நெற்றியில் புதுத் திருமண்ணோடு உள்ளே வந்தார். அவர் குடையைக்கூட மாட்டவில்லை. "சார், உங்க அறுபது மாதிரிதான் மீனுக்கும் எண்ணிட்டோம்" என்றேன்.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதுதான் அவருடைய பெருமை. உட்கார்ந்து கல் கல்லாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேஷ்டி நுனியில் துடைத்தார்.

"ஆத்துக் கணக்கைக் கொண்டுபோய் சமுத்திரத்துல போட்டிருக்கேன். நல்ல வேளை, நீ சொன்னாய்." சற்று யோசித்துவிட்டு, "கூட்டத்துக்கும் இனிமே அவசியம் இல்லை. எத்தனை சிரமம் மிச்சம்" என்றார்.

சிரமம் மிச்சமாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரே தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தார். கொழும்பிலிருந்தும் உடனே பதில் வந்துவிட்டது. மகிழ்ச்சி, கணக்கு ஒத்துவிட்டது, கூட்டம் தேவையில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே அறிக்கை எழுதினார்கள். இளசுகள்தான் பிடிபடுகின்றன, முட்டையிடும் மாதங்களில் அந்த மேட்டில் வலை இழுக்க வேண்டாம் என்று. படகுக்காரர்கள் கேட்டார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். என் சூட்கேஸில் அம்மா கிறிஸ்துமஸ் குடிலுக்கான சொரூபங்களைப் பழைய துணியில் சுற்றி வைத்தாள்.

அடுத்த டின் வந்தபோது பிரித்துப் பார்த்தேன். மாதம், இடம், எண் மட்டும்தான் இருந்தது. ஓரத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கடுத்த டின்னிலும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். எங்கள் பக்கத்துப் பிழையால் அவர்களுக்கு வெட்டி வேலை வைத்துவிட்டோம், அந்தக் கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். நானும் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வீம்பில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் துறைக்கு ஆள் வந்து, சிலோன்காரம்மா ஒருவர் ஸ்ரீரங்கத்தில் சத்திரத்தில் தங்கியிருக்கிறார், உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னார். இடது கல்லுக்காரிதான். தாயாரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரம், ஸ்ரீரங்கம் என்று யாத்திரை வந்திருக்கிறாளாம். கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடினேன்.

சத்திரத்துக்குப் பக்கத்தில், காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்திருந்தாள். குள்ளமாக, பருமனாக, என்னை விட நாலைந்து வயது மூத்தவளாக இருந்தாள். தாயார் சத்திரத்தில் தூங்குவதாகச் சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவரவில்லை. பக்கத்துப் படியைக் கையால் தட்டிக் காட்டினாள். அவளுக்கு உட்காரத் தெரிந்திருந்தது. மழைக்காலத்துக் காவிரி படியைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வேலை, அம்மா, சம்பளம், வெயில் என்று எல்லாம் பேசினோம். பிறகு அவள் கேட்டாள்:

"ஒண்டு கேக்கட்டே? அந்த ஓரத்து விசயம் உங்களுக்கு எப்ப விளங்கினது?"

தலைவர் வீட்டுச் சாந்திப் பந்தியைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அதுக்குக் கனநாள் முந்தியே விளங்கிட்டுது. எங்கட வீட்டிலயும் சாதகத்துக்கு நடப்பு வயசுதானே சொல்லுறது. ரெண்டாவது மாசி டின்னிலயே பிடிச்சிட்டன்."

"அப்பவே ஏன் சொல்லலைங்க?"

"சொன்னா நீங்கள் வரமாட்டியள் எல்லோ."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப அந்த மீனெல்லாம்? தப்புக் கணக்கையே வச்சுக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

"ஏன் அப்பிடி?" என்று நிதானமாகத் திரும்பினாள். "கூட்டத்தில சொல்லுவம் எண்டு இருந்தனான். நீங்கள் வந்து இறங்கி, மேசையில கல்லை வைச்ச உடன சொல்லியிருப்பன். அறிக்கையும் அதே அறிக்கைதான். மீனுக்கு ஒரு குறையும் வந்திராது. நீங்கள்தான் அவசரப்பட்டுத் தந்தி அடிச்சுப் போட்டியள். எனக்கு அழுகையே வந்திட்டுது. பிறகு எழுதவும் மனம் வரேல்லை."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பாலத்தின் மேல் முன்னும் பின்னுமாக அத்தனை தூரம் நடந்தேனே, மறைக்கவும் வேண்டாம், இப்போதே சொல்லவும் வேண்டாம், அங்கே போய்ச் சொல்லலாம் என்ற ஒரு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாள் பொறுத்திருந்தால் தோன்றியிருக்கும். என்னால்தான் ஒரு நாள் பொறுக்க முடியவில்லையே. எந்த அவசரம் என்னைக் கப்பலேறச் சொல்லி அரித்ததோ, அதே அவசரம்தான் கப்பலையும் நிறுத்தியது.

அந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்தேன். சத்திரத்தில் உங்க அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏதோ சொன்னேன்.

"அவ நித்திரை எண்டு சொன்னனான். எங்க ஓடப்போறியள்?" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோ."

உட்கார்ந்தேன். என் அம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். மாலையில் அவள் தாயார் தேடிக்கொண்டு வரும்வரை அந்தப் படியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.